மடியில் கிடக்கும் கைகள்

அக்குறணை
22.06.2024

அஸ்ஸலாமு அலைக்கும்.

நபீல் நானா புதன்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறாராம். உங்களுக்கு ஏதும் கொடுத்தனுப்புவதானால் தரச்சொல்லி அவருடைய மனைவி ரபீகா வந்து சொல்லிவிட்டுப் போனாள். மாமி தொதலும் மாசிச் சம்பலும் கட்டி வைத்திருக்கிறார். நான் இந்தக் கடிதத்தை வைக்கிறேன்.

போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "சாப்பிட்டியா" என்கிறீர்கள், நான் "ம்" என்கிறேன். "ஒடம்பு எப்படி" என்கிறீர்கள், அதற்கும் "ம்". பிறகு இரண்டு பேரும் லைன் அறுந்துவிட்டதா என்று பார்க்கிறோம். மாமி பக்கத்தில் நின்று போனைத் திருப்பி வாங்கக் கை நீட்டிக்கொண்டிருப்பார். எழுதினால் யாரும் கை நீட்ட மாட்டார்கள்.

நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை நம்முடைய பிள்ளை உயிரில்லாமல், மௌத்தாகப் பிறந்தது. அதற்குப் பிறகு என் உடம்பில் ஒரு குறையும் இல்லை. சோறு இறங்குகிறது. நித்திரை வருகிறது. அழுகை மட்டும் வருவதில்லை. பார்க்க வருகிறவர்கள் "மாஷா அல்லாஹ், நல்ல பொறுமை" என்கிறார்கள். பொறுமை என்றால் உள்ளே ஏதோ ஒன்று இருந்து, அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். எனக்குள் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. பாடசாலையில் எனக்கு இன்னும் லீவுதான். என் ஓ.எல். வகுப்புப் பிள்ளைகளுக்கு வேறு யாரோ வணிகக் கல்வி எடுக்கிறார்களாம். அதைக் கேட்டபோதும் ஒன்றும் தோன்றவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு விசயம். போன மாதம் கண்டிப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனேன் அல்லவா. முடிந்து வெளியே வந்தால் அக்குறணை பஸ் போய்விட்டது. அடுத்ததில் ஏறப் பிடிக்கவில்லை. நடந்தேன். மழை பிடித்தது. ஒரு கடைக்குப் பக்கத்துப் படிக்கட்டில் ஒதுங்கி நின்றேன். மேலேயிருந்து பெயின்ற் மணம் வந்தது. கொஞ்சம் மேலே ஏறிப் பார்த்தால் படம் கீறும் வகுப்பு. ஒரு பெண் என்னைக் கண்டு, "வாங்க அக்கா, நனையாதீங்க, உள்ள வந்து ஒக்காருங்க" என்றாள். அவள்தான் பிரேமிளா. மஹய்யாவையைச் சேர்ந்தவள், என்னைவிட இளையவள். சனிக்கிழமைகளில் எண்ணெய் வர்ணம் பழக்குகிறாள்.

சுவரில் ஒரு படம் குத்தியிருந்தது. கறுப்புப் போர்வை போர்த்த ஒரு பொம்பிளை, இடிந்த மதிலுக்குப் பக்கத்தில் கல்லில் இருக்கிறாள். பின்னால் சாம்பல் நிற வானம். முகத்தில் பாதி இருட்டு. கை இரண்டும் மடியில். அழவில்லை, கையேந்தித் துஆ கேட்கவில்லை, யாரையும் பார்த்திருக்கவுமில்லை. சும்மா இருக்கிறாள்.

"இது யார் கீறினது?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. பழைய கலண்டர்ல வெட்டுனது. பேரு வெட்டுப்பட்டுப் போச்சு. ஐரோப்பாவுல இருநூறு வருஷத்துக்கு முந்தினது. அந்தக் காலத்துல இப்படித்தான், புயலு, இருட்டு, இடிஞ்ச கட்டடம், தனியா ஒரு ஆளுன்னு நெறைய வரைஞ்சாங்க. பார்த்து அப்படியே திருப்பி வரைஞ்சுதான் எல்லாரும் பழகுறது. ஆனா நீங்க மொதல்ல ஒரு மாம்பழம் வரையுங்க."

"மாம்பழம் வேணாம். இதுதான் வேணும்."

நான் வகுப்பில் சேரப் போகிறேன் என்பதே என் வாயால் சொன்னபிறகுதான் எனக்குத் தெரியும். நாலு சனிக்கிழமை போய்விட்டேன். உங்களிடம் சொல்லாமல் செய்ததாக இருக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நுஹா


டோஹா
12.07.2024

அன்பின் நுஹா,

வ அலைக்குமுஸ் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. மேலே என் பேர் இல்லை. அன்பின் என்றும் இல்லை. மின்சார சபைக்கு எழுதினாலும் ஐயா என்று தொடங்குவார்கள். சரி, அதை விடு. நீ இவ்வளவு எழுதியதே எனக்குப் பெரிய சந்தோசம். மூன்று தரம் வாசித்தேன்.

இங்கே வெயில் சொல்ல ஏலாது. நான் வேலை செய்வது குளிர் அறைகளில் என்பது உனக்குத் தெரியும். சுப்பர்மார்க்கெட்டுகளில் இறைச்சி, மீன் வைக்கும் அறைகள். மெசின் பழுதானால் உள்ளே போய் நின்று திருத்த வேண்டும். உள்ளே விரல் விறைக்கும், வெளியே வந்தால் சப்பாத்து அடி உருகும். இரண்டுக்கும் இடையில் உடம்பு எது என்று தெரியாமல் போய்விடுகிறது. நீ ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதியிருந்தது எனக்குக் கொஞ்சம் விளங்கியது, கொஞ்சம் விளங்கவில்லை.

படம் கீறுவது பற்றி. நல்லதுதான். வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல் வெளியே போய் வருவது நல்லது. ஆனால் ஏன் ஆள் உருவம்? உம்மா வொய்ஸ் அனுப்புகிறார், "மருமகள்ட உடுப்பெல்லாம் மண்ணெண்ணெய் மாதிரி மணக்குது, என்னமோ பொம்பளப் படம் கீறுறாவாம்" என்று. அவருக்கு என்ன சொல்ல? இங்கே ரூமில் ஒரு மௌலவி இருக்கிறார். கேட்டேன். உயிருள்ளதின் உருவம் வேண்டாம், மரம், மலை, கட்டடம் கீறலாம் என்றார். கண்டி வாவியைக் கீறு. ஹந்தானை மலையைக் கீறு. மழையில் மூடின மலையும் சோகமாகத்தானே இருக்கும். நான் கட்டளை போடவில்லை. யோசித்துப் பார்.

இன்னும் ஒன்று. இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் இழுத்தேன். பிள்ளை என்னைப் போல என்று உம்மா சொல்கிறார். இல்லை, அச்சில் வார்த்தது போல நுஹாதான் என்று தங்கச்சி சொல்கிறாள். நீ ஒன்றும் சொல்லவில்லை. ஒரு படமும் யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கே அடக்கம் முடிந்துவிட்டது. நான் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ போனில் "வர வேணாம்" என்றாய். வரவில்லை. ஆனால் முகம் எப்படி என்றாவது எனக்குச் சொல்லலாம்தானே.

பஹீம்


அக்குறணை
18.08.2024

அன்பின் பஹீம்,

பேர் வைத்துவிட்டேன்.

பெரஹெரா ஊர்வலத்துக்காகக் கண்டியில் ரோட்டெல்லாம் அடைத்துவிட்டார்கள். வகுப்பு இல்லை. அந்தக் கட்டடத்து மேல்மாடியைப் பெரஹெரா பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டார்களாம். பிரேமிளா எல்லோரையும் படங்களை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். அந்தக் கலண்டர் தாளையும் என்னிடமே தந்துவிட்டாள். ஈர கென்வஸை பஸ்ஸில் கொண்டுவருவது லேசான காரியமில்லை. கட்டுகஸ்தோட்டையில் ஏறின ஒரு ஆளின் வெள்ளைச் சட்டைக் கையில் கபில நிறம் பட்டுவிட்டது. அவர் ஏசினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அவர் இறங்கின பிறகுதான் நினைவு வந்தது.

மலையைக் கீறச் சொன்னீர்கள். யோசித்தேன். மலையைப் பார்த்தால் எனக்கு மலை என்றுதான் தெரிகிறது. இந்தப் பொம்பிளையைப் பார்த்தால் எங்கே தொடங்குவது என்று தெரிகிறது. அவ்வளவுதான் காரணம். மார்க்கத்தோடு எனக்கு வாக்குவாதம் இல்லை. ஐந்து நேரமும் தொழுகிறேன்.

எப்படிக் கீறுகிறோம் என்று கேட்கவில்லை நீங்கள். சொல்கிறேன். முதலில் அசல் படத்தின் மேல் சிறு சிறு கட்டங்கள் போட வேண்டும். கென்வஸிலும் அதே கட்டங்கள். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தால் அது ஆளே இல்லை, ஒரு வளைவு, ஒரு இருட்டு, ஒரு கோடு. பிறகு டர்பன்டைனில் கரைத்த கபிலத்தால் இருட்டெல்லாம் போட வேண்டும். வெளிச்சம் கடைசியில். கறுப்பு டியூபைப் பிரேமிளா எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். "கறுப்ப எடுத்துப் பூசுனா ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும் அக்கா. நீலமும் கபிலமும் கலந்து நீங்களே இருட்ட உண்டாக்குங்க." கலந்தேன். அவள் போர்வை உண்மையில் கறுப்பே இல்லை.

போர்வை வந்தது. மதில் வந்தது. முகம்கூட வந்தது. கை வரவில்லை. இடது கை வலது கைக்குள் மல்லாந்து கிடக்கிறது. ஒன்றும் இல்லாத கை. அதைக் கீறுவேன், கத்தியால் சுரண்டுவேன், துணியால் துடைப்பேன், திரும்பக் கீறுவேன். எண்ணெய் வர்ணம் சீக்கிரம் காயாது. அழிக்க வேண்டுமானால் அவகாசம் இருக்கும்.

படத்தை ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்கு மேல் வைத்திருந்தேன். மாமி கண்டுவிட்டார். வானவர்கள் வீட்டுக்கு வராமல் போய்விடுவார்களே என்று அவருக்குப் பயம்.

"இது என்ன மகள், ஊட்டுக்குள்ள உருவம் வெச்சா மலக்குமார் வருவாங்களா?"

"காஞ்சதும் கொண்டு போயிருவேன் மாமி."

"எப்ப காயும்?"

"தெரியாது."

பின்னேரம் பார்த்தால் படம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. ஈரம் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டது. பாதி வானம் இப்போது நம் ஸ்டோர் ரூம் சுவரில் இருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ என்று யோசித்தேன்.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். போன செவ்வாய்க்கிழமை அடுப்படியில் நெத்தலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். மாமி தேங்காய் துருவிக்கொண்டே, "பஹீமுக்கு இன்னம் ரெண்டு வருசம் எழுதிட்டாங்களாம், அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் கிள்ளிக்கொண்டே இருந்தேன். டிசம்பரோடு முடித்துக்கொண்டு வந்துவிடுவதாகத்தான் நாம் பேசியிருந்தோம். நீங்கள் மாமிக்குச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குச் சொல்லவில்லை.

முகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது ஏலாது.

நுஹா


டோஹா
05.09.2024

நுஹா,

ஆமாம், கையெழுத்து வைத்துவிட்டேன். உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது? நீ போனை எடுத்தால் "ம்" என்கிறாய். "ம்" என்கிற ஆளுக்கு இரண்டு வருசம் என்று எப்படிச் சொல்ல?

வந்து நான் என்ன செய்ய, சொல்லு. நம் அறையில் நான் அனுப்பின தொட்டில் இன்னும் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறதாக உம்மா சொன்னார். அதைப் பார்த்துக்கொண்டு இருக்கவா? எல்லோரும் அவனைத் தூக்கினார்கள், குளிப்பாட்டினார்கள், கபன் துணி சுற்றினார்கள், மண் போட்டார்கள். சாச்சா தூக்கிக்கொண்டு போனாராம். தகப்பன் நான் மீன் அறையில் மெசின் திருத்திக்கொண்டு நின்றேன். இனி ஊருக்கு வந்தால் ஆட்கள் என் கையைப் பிடித்துப் பொறுமை சொல்லுவார்கள். எதற்குப் பொறுமை? நான் எதைப் பார்த்தேன்?

நீ வரவேண்டாம் என்றாய். அதை நான் மறக்கவில்லை. வா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வந்திருப்பேன்.

இப்போது நீ யாரோ ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளையின் கையை மாதக்கணக்கில் கீறுகிறாய், அழிக்கிறாய். அவளுடைய போர்வை என்ன நிறம் என்று அரைப் பக்கம் எழுதுகிறாய். என் மகனைப் பற்றி ஒரு வரி எழுத ஏலாது. அந்த வகுப்பை நிறுத்து. இதைக் கட்டளை என்றே வைத்துக்கொள்.

கிழித்துப்போட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். ஊருக்குப் போகிற பெடியன் கீழே வாகனத்தில் நிற்கிறான், ஹோர்ன் அடிக்கிறான்.

பஹீம்


மடவளை
14.09.2024

அன்பின் பஹீம்,

கடிதம் கிடைத்தது.

நான் வரவேண்டாம் என்றேன். நீங்கள் வரவில்லை. இரண்டும் நடந்ததுதான்.

என் உம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். மாமியோடு சண்டை ஒன்றும் இல்லை. அவருடைய பிரஷர் மருந்து மாத முடிவு வரைக்கும் இருக்கிறது, பிறகு தங்கச்சியிடம் எடுக்கச் சொல்லுங்கள். படத்தைக் கொண்டுவரவில்லை. வகுப்புக்குப் போகவில்லை. நீங்கள் சொன்னதற்காக என்றும் சொல்லலாம். பஸ்ஸுக்கு எழும்ப மனமில்லை என்றும் சொல்லலாம்.

அடுத்த மாதம் பாடசாலைக்குப் போகிறேன்.

நுஹா


டோஹா
10.10.2024

அன்பின் நுஹா,

நீ ஊரில் இல்லாமல் மடவளையில் இருப்பதை நினைத்தால் நான் இன்னும் தூரம் போய்விட்டது போல் இருக்கிறது. அக்குறணைக்கும் மடவளைக்கும் என்ன தூரம், இருந்தும்.

போன கடிதத்தில் எழுதியதெல்லாம் எழுதியதுதான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பை நிறுத்தச் சொன்னது பிழை. போ. கையைக் கீறி முடி.

நபீல் நானாவுக்கு மகள் கிடைத்திருக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ். ரபீகா போட்டோ அனுப்பினாள். நபீல் நானா ரூமில் எல்லோருக்கும் காட்டினார். நானும் வாங்கிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்று விளங்கியது. எனக்கு எந்தப் பிள்ளையின் படத்தைக் காட்டினாலும் இதுதான் அவன் என்று நம்பிவிடுவேன். அவனுக்கென்று என் தலைக்குள் ஒரு முகம் இல்லை. வெறும் இடம். நித்திரைக்குப் போகும்போது அந்த இடத்தில் நபீல் நானாவின் மகள் வந்து இருந்துகொள்கிறாள்.

இனி நான் கேட்கப் போவதைச் சிரிக்காமல் வாசி. மரமும் மலையும் கீறு என்று சொன்ன ஆள்தான் கேட்கிறேன். நீ இத்தனை மாதமாக ஆளைப் பார்த்துக் கீறப் பழகியிருக்கிறாய். அவனைக் கீறித் தா. பெரிதாக வேண்டாம், பர்ஸுக்குள் வைக்கிற அளவு போதும். யாருக்கும் காட்ட மாட்டேன். மௌலவியிடமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். பாவம் என்றால் அது என் கணக்கில் இருக்கட்டும்.

டிசம்பரில் லீவு கேட்டிருக்கிறேன். தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீ வா என்று சொல்ல வேண்டியதில்லை. வருகிறேன்.

பஹீம்


மடவளை
02.11.2024

அன்பின் பஹீம்,

உங்கள் கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகிறது. பாடசாலையில் தவணைப் பரீட்சை. விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் உங்களுக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன்.

முதலில் மாமியைப் பற்றி. போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் த்ரீவீல் நின்றது. மாமி இறங்கினார். பின் சீட்டில் வெள்ளைப் படுக்கை விரிப்பில் சுற்றி ஒரு பலகை போல ஏதோ. உம்மா பயந்துபோய் வெளியே ஓடிவந்தார்.

"ஒங்கட சாமான் மகள். நீங்க இல்லாத ஊட்டுல இத வெச்சிட்டு எனக்கு ஈக்க ஏலா. அதான் கொணந்த" என்றார் மாமி.

உள்ளே கொண்டுவந்து அவரே விரிப்பை அவிழ்த்தார். காய்ந்துவிட்டது. ஒரு பக்கத்து வானம் பிய்ந்து கென்வஸ் தெரிந்தது. மாமி முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கை சரியில்ல."

"தெரியும் மாமி. வருகுதில்ல."

"சும்மா ஈக்கிற ஆள்ட கையா இது? என்னமோ புடிக்கப் போறவட கை மாதிரியல்லவா ஈக்கு."

அவ்வளவு மாதமும் நான் பார்க்காததை அவர் பார்த்துவிட்டார். விரலெல்லாம் கொஞ்சம் வளைத்திருந்தேன். அசலில் அப்படி இல்லை. பையில் கிடந்த கலண்டர் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். நான்தான் வளைத்திருக்கிறேன், ஒவ்வொரு தரமும்.

மாமி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். இடது கையை வலது கைக்குள் போட்டார். "பாருங்க" என்றார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "பாத்துட்டு நிக்கிறதுக்கா நான் ஈக்கிற? கீறுங்க." தூரிகையும் வர்ணப் பெட்டியும் மடவளைக்கு வந்த பையிலேயே கிடந்தன. எடுத்தேன். உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார், ஆறிப்போனது. மாமி அசையவில்லை. அவருடைய வலது கைப் பெருவிரலில் தேங்காய் துருவலகு வெட்டின வடு ஒன்று இருக்கிறது, நான் அதுவரை கண்டதில்லை.

"ஒங்களுக்கு உருவம் கீறுறது புடிக்காதே மாமி" என்றேன்.

"புடிக்காதுதான். இப்பவும் புடிக்காது. அது வேற. கை பிழையா ஈக்கிறது வேற."

கொஞ்ச நேரம் கழித்து, "முடிஞ்சா? த்ரீவீல்காரன் நிக்கிறான்" என்று எழும்பிப் போனார். எப்போது வீட்டுக்கு வருகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கை வந்துவிட்டது.

இனி நீங்கள் கேட்டது. அவனைக் கீறித் தர எனக்கு ஏலாது. மார்க்கத்துக்காக இல்லை. கோபத்துக்காகவும் இல்லை. இந்தப் படத்தைப் பிரதி பண்ணியதில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முதல் நாள் சுவரில் பார்த்த அந்தப் பொம்பிளை நன்றாக என் மனதில் இருந்தாள். கண்ணை மூடினால் வருவாள். இப்போது மூடினால் வருவது நான் கீறியவள். அசல் வருவதே இல்லை. கலண்டர் தாளை எடுத்துப் பார்த்தால் வேறு யாரையோ பார்ப்பது போல் இருக்கிறது. கலண்டர் தாள் இருப்பதால் அதில் நட்டமில்லை. அவனுக்குத் தாள் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி என் கையில் தந்து திருப்பி வாங்கின அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் எனக்கிருக்கிறது. அதற்கு மேல் நான் வர்ணம் பூச மாட்டேன்.

எழுதித் தருகிறேன்.

நீளமான பிள்ளை. நிறைய முடி, ஈரத்தில் நெற்றியில் ஒட்டியிருந்தது. நிறம் உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. உதடு மட்டும் கத்தரிக்காய்த் தோல் நிறம். மூக்கு யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. காது உங்களுடையது, மேல் விளிம்பு கொஞ்சம் கூர். இடது காது மடங்கியிருந்தது, சரிந்து படுத்தவர்களுக்கு மடங்குவது போல. விரலால் நிமிர்த்தினேன். திரும்ப மடங்கியது. இன்னொரு தரம் நிமிர்த்தினேன். கண் மூடியிருந்தது. இமையில் முடி இருந்தது. கையில் நகம் வளர்ந்திருந்தது, வெட்ட வேண்டிய அளவுக்கு. நெஞ்சு சூடாக இருந்தது. அது என் உடம்பின் சூடுதான் என்று மிஸ்ஸி வாங்கிக்கொண்டு போன பிறகுதான் விளங்கியது.

உம்மாவைப் போலவும் இல்லை, வாப்பாவைப் போலவும் இல்லை. அவன் அவனைப் போல இருந்தான்.

அழாமல்தான் எழுதினேன். டிசம்பரில் வந்தால் நேராக இங்கே வரவேண்டாம். முதலில் அவனை அடக்கின மையவாடிக்குப் போங்கள். நான் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தேன், அந்த இடத்தை நான் கண்டதில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. நீங்கள் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.

நுஹா


அக்குறணை
19.12.2024

அன்பின் நுஹா,

நேற்று வந்து சேர்ந்தேன். உம்மா நலம். மெலிந்துவிட்டாய் என்றார், எல்லா முறையும் சொல்வதுதான். ஸ்டோர் ரூமில் சுவரில் ஒட்டியிருந்த வானத்தையும் பார்த்தேன். வெள்ளையடிக்க வேண்டாம் என்று உம்மா சொல்கிறார். ஏன் என்று கேட்டேன். "கெடக்கட்டும்" என்றார்.

இன்றைக்கு விடியச் சுபஹு தொழுதுவிட்டு நேராக மையவாடிக்குப் போனேன். நீ கேட்டபடி எழுதுகிறேன். எனக்கு உன்னைப் போல எழுத வராது. பார்த்ததைச் சொல்கிறேன்.

பள்ளிக்குப் பின்னால் இறங்குகிற பாதையில் வழுக்குகிறது, மழை. மையவாடியைப் பார்த்துக்கொள்கிற மக்கீன் நானா மண்வெட்டியோடு நின்றார். என்னைத் தெரியவில்லை. சாச்சாவின் பேரைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. சின்னப் பிள்ளைகளை ஒரு பக்கமாக, கீழ் மதிலோரமாக வைத்திருக்கிறார்கள். அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள் நுஹா. நான் அவன் தனியாக இருக்கிறான் என்று எப்படியோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேலிருந்து ஒரு பாக்கு மரத்தின் நிழல் விழுகிறது. மண் சிவப்பு, மழையில் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். ஆற்றுக் கல், வெட்டின கல் இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் நம் வீட்டு வாசல் படியளவு இருக்கும். புல் முளைத்திருக்கிறது. பிடுங்கட்டுமா என்று மக்கீன் நானா கேட்டார். நான் வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று தெரியாது. மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ ரேடியோ போட்டிருந்தார்கள். பஸ் போகிற சத்தமும் கேட்கிறது.

அழுகை வரும் என்று கைலேஞ்சி கொண்டுபோனேன். வரவில்லை. யாசீன் ஓதினேன். நடுவில் இரண்டு இடத்தில் பிழை விட்டு, திரும்பத் தொடங்கினேன். பிறகு குனிந்து மண்ணில் கை வைத்தேன். குளிர். மீன் அறைக் குளிர் இல்லை, ஈர மண்ணின் குளிர். நீ எழுதின காதை நினைத்துக்கொண்டேன். அந்த நேரம் நபீல் நானாவின் மகள் வரவில்லை.

தொட்டிலைப் பெட்டியோடு ரபீகா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். பிழையென்றால் சொல்லு, போய் வாங்கி வருகிறேன்.

கையெழுத்து வைத்தது வைத்ததுதான், மாற்ற ஏலாது. ஜனவரியில் போகத்தான் வேண்டும். வருசத்தில் இரண்டு தரம் வர விடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீ டோஹாவுக்கு வருவதானாலும் வரலாம், பேசலாம். இல்லையென்றாலும் பேசலாம். "ம்" என்றாலும் பரவாயில்லை, நான் லைனில் இருக்கிறேன்.

இதைத் தபாலில் போடவில்லை. நாளை காலை நானே கொண்டுவருகிறேன். நேரில் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன் என்று பயம், அதனால் எழுதினேன். நீ வாசித்து முடியும் வரைக்கும் நான் வெளியே நிற்பேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். திரும்பி வரும்போது மக்கீன் நானா கேட்டார்.

"மகன்ட பேரென்ன?"

நான் நின்றுவிட்டேன். "இன்னம் வெக்கல்ல" என்றேன்.

"வெக்கலாமே தம்பி. பேர் ஒண்டு ஈந்தா துஆக் கேக்க லேசு" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் யோசித்தேன். என்னிடம் ஒரு பேர் இருக்கிறது. ஆனால் அவனைக் கண்டது நீதான். நீ முதலில் சொல்லு.

பஹீம்